வரிசை எண் 214: ஊறுகாய் ஜாடி

நவம்பர் 4, திங்கள்

காலை ஏழரைக்கு வால்பாறையிலிருந்து வசந்தமணி பேசினாள். பதினெட்டு நாள் கழித்து. எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, என்ற கம்ப்யூட்டர நம்ம கிளை நூலகத்துக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். பொங்கலுக்குள்ள கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி பார்மட் பண்ணிப்போடுங்க. சும்மா பேருக்கு அழிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆதார் நம்பரு, அப்பன் ஆத்தா போன் நம்பரெல்லாம் அதுல கெடக்குது. யாரும் திருப்பி எடுக்க முடியாத மாதிரி அழிக்கோணும்."

"உள்ள வேணுங்கறது ஏதாச்சும் இருந்தா?"

"ஒண்ணும் இருக்காது. நீங்க ஒவ்வொண்ணாத் தொறந்து படிச்சுட்டு இருக்க வேண்டாம். உங்களுக்குத்தான் அந்த வழக்கமில்லீங்களே."

வைத்துவிட்டாள். என்னைக் குத்த அவளுக்கு ஒரு வரி போதும். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கம்ப்யூட்டர் மீது அவள் பழைய பச்சை நூல் சேலையை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தாள். ஜூன் மாதம் வால்பாறைப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போனவள் போர்த்தியது. இன்றுதான் எடுத்தேன். அப்படியே மடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன், தூசி துடைக்க உதவும் என்று.

வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோப்பையும் நான்கு வகையில் ஒன்றாகத்தான் முடிப்போம். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிப்பது. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிலை முடிவு, அதை எந்தக் காலத்திலும் தொடக்கூடாது. அழிக்கிற காலம் வந்தாலும் பட்டியல் போட்டு, உரியவர் கையெழுத்து வாங்கின பிறகுதான் ஒரு தாளையாவது கிழிப்போம். பட்டியல் இல்லாமல் அழிப்பு இல்லை.

ஆகவே இந்தப் பெட்டிக்கும் பட்டியல் உண்டு. உரியவர் கையெழுத்தும் உண்டு. அவள் சொன்னாள் என்பதற்காக விதியை விட முடியாது.

நவம்பர் 6, புதன்

மாவு புளித்துவிட்டது. ஒருவனுக்கு எவ்வளவு அரைப்பது என்று ஐந்து மாதமாகியும் பிடிபடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷமீமாவிடம் போய்க் கேட்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டிக்காரி. கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பாள். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்.

"சார், பார்மட் குடுத்தா ஒரு சின்ன கட்டம் வரும். அதுல குயிக் பார்மட்னு டிக் இருக்கும். அந்த டிக் இருந்தா பேரு மட்டுந்தான் அழியும். உள்ள எல்லாம் அப்படியே கெடக்கும், தெரிஞ்சவங்க திருப்பி எடுத்துருவாங்க. டிக்க எடுத்துட்டீங்கன்னா ஒவ்வொரு எடமாப் போயி மேல எழுதிரும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கெடைக்காது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டிக் இருந்தால் பதிவேட்டை மட்டும் கிழிக்கிறோம், கோப்புக் கட்டுகள் அலமாரியிலேயே இருக்கின்றன. டிக்கை எடுத்தால் கட்டுகளையே எரிக்கிறோம்.

"மேடத்தோட பைல் எல்லாம் டி டிரைவ்ல இருக்கும். அத நீங்களே பண்ணிரலாம். மிச்சத்தை எடுத்துட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். ஆனா முதல்ல வேணுங்கறத பென்டிரைவ்ல எடுத்து வெச்சுக்கோங்க சார். அழிச்சுட்டு வந்து அழுகறவங்கதான் இங்க நெறைய."

நான் அழுகிற ஆளில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, புதன்

வரிசை எண் 1 முதல் 61 வரை முடிந்தது. காலாண்டுத் தேர்வு வினாத்தாள்கள், ஏழு வருடத்துக்கு. மதிப்பெண் பட்டியல்கள். ஆண்டு விழா நாடகம் ஒன்று, அவளே எழுதியது. அதில் ஒரு தாசில்தார் வருகிறார், எதற்கெடுத்தாலும் "ரூல் என்ன சொல்லுது?" என்று கேட்கிறார். இந்த வசனம் எங்கோ கேட்டதாக இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

'ஸ்கேன்' என்று ஒரு போல்டர். திறப்பதற்குள் இரண்டு தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஏன் என்று எழுத விரும்பவில்லை. உள்ளே மின்கட்டண ரசீதுகளும் என்னுடைய இரத்தப் பரிசோதனை முடிவும்தான் இருந்தன. நான்கு வருடச் சர்க்கரை அளவைத் தேதி வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

மத்தியானம் அதே போல்டரை மறுபடி திறந்து பார்த்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ரேஷன் கடையில் கண்ணாயிரம் பிடித்துக்கொண்டான். "டீச்சர் எப்பங்க வர்றாங்க?" எல்லோருக்கும் இதே கேள்வி. வால்பாறையிலிருந்து கீழே இறங்கத்தான் ஆசிரியர்கள் தவம் கிடப்பார்கள். மேலே போகிறேன் என்று கேட்டு வாங்கினவள் இவள் ஒருத்தி. கலந்தாய்வில் இரண்டு தரம் கேட்டார்களாம், "நிசமாவா மேடம்?" என்று.

அரையாண்டு லீவுக்கு வருவாள் என்று சொல்லிவைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

'போட்டோ' போல்டரில் இருந்தேன். அவளுடைய பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுவதற்கு முன் நான்தான் ஒயர் போட்டு அதிலிருந்த படங்களை எல்லாம் இதில் ஏற்றினேன். பள்ளி விளையாட்டு விழா, கொலுசு டிசைன், கடைக்காரன் எழுதின சீட்டு. பெரும்பாலும் நான் இல்லை. ஒன்றில் என் முதுகு மட்டும் இருக்கிறது, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு.

வரிசை எண் 214. எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. யாருக்கோ அனுப்பப் படம் எடுத்திருக்கிறாள். ஜாடி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, அடியில் நீலமாக ஒரு காகிதம். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

இன்லண்டு கடிதம். மாமனார் கையெழுத்து. பாதிக்கு மேல் ஜாடி உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏழு வரி தெரிகிறது. பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்து எழுத்து எழுத்தாக இங்கே பிரதி செய்கிறேன்:

"மணிக்கு அப்பன் எழுதுவது. நாக்பூர் தாண்டி
வண்டி நிக்குது. டயர் வரணும். ரெண்டு நாளாகும்.
இங்க ஆரஞ்சு நல்லா இருக்கு. உனக்கு ஒரு கூடை
வாங்கி சீட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன்.
ஊர் வர்றதுக்குள்ள கெட்டுப் போயிருமோன்னு
பயம். தினம் காலைல ஒவ்வொண்ணா எடுத்து
மோந்து"

இதற்குக் கீழே ஜாடி.

நவம்பர் 25, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

மாமனார் சங்ககிரியில் லாரி டிரைவர். மகள் ஆசிரியப் பயிற்சி விடுதியில் இருந்த இரண்டு வருடமும் வண்டி நின்ற ஊரிலிருந்தெல்லாம் கடிதம் போட்டார். விஜயவாடா, இட்டார்சி, நாக்பூர். நூற்று நாற்பது கடிதம். அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். ஊறுகாய் வெயிலில் காயும்போதோ குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதோ ஒன்றை எடுத்துப் படிப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன். என்ன என்று கேட்டதில்லை.

போன போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். டின்னைத் திறந்து தேதி பார்த்தேன். எல்லாம் நாற்பது வருடப் பழசு. பத்தாண்டு முடிவு தாண்டி முப்பது வருடம். வாசலில் பழைய பாயோடு போட்டுக் கொளுத்திவிட்டேன். பட்டியல் போடவில்லை. உரியவர் கையெழுத்து வாங்கவில்லை. உரியவர் அடுப்படியில் பருப்பு வேக வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வந்து சாம்பலைப் பார்த்தாள். அழவில்லை. "ஒண்ணாவது படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பதிவறையில படிக்கிற வழக்கமில்ல. தேதிதான் பாப்போம்" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்றைக்குப் போளி சுட்டாள், பரிமாறினாள். பிறகு ஐந்து மாதம் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். ஜூனில் மலை ஏறிவிட்டாள். தப்பு என்ற வார்த்தையை நான் இன்றுவரை சொல்லவில்லை. விதிப்படி சரி என்பதையே மென்றுகொண்டிருந்தேன்.

இந்தப் பெட்டிக்குள் மூன்று வாரமாக நான் தேடியது பட்டியலுக்காக அல்ல. எங்காவது ஒரு நகல் இருக்காதா என்று தேடினேன். ஏழு வரி கிடைத்தது. மோந்து பார்த்து என்ன செய்தார் அந்த மனுஷன்? காலையிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

பட்டியல் முடிந்தது. 331 இனங்கள், பதினான்கு பக்கம். கடைசிக் கலம், 'உரியவர் ஆணை', காலியாக விட்டிருக்கிறேன். 214-க்கு எதிரே குறிப்பு: "ஜாடிக்கு அடியில் கடிதம் ஒன்று உள்ளது. ஏழு வரி தெரிகிறது. படித்தேன்."

'படித்தேன்' என்பதை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

டிசம்பர் 12, வியாழன்

ஒப்புகை அட்டை வந்தது. அவள் கையெழுத்து. 'வ'வின் சுழியை இன்னும் பெரிதாகத்தான் போடுகிறாள். அட்டையை எதிலும் கோக்கவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

பதில் இல்லை.

டிசம்பர் 18, புதன்

வந்துவிட்டது. பதினான்கு பக்கத்திலும் சிவப்பு மை. பிள்ளைகள் தேர்வுத் தாள் திருத்துகிற மாதிரி திருத்தியிருக்கிறாள். 'இரத்தப் பரிசோதனை' என்பதற்கு எதிரே, "நீங்கள் வைத்துக்கொள்ளவும். இந்த மாதம் பார்த்தீர்களா?" ஆண்டு விழா நாடகத்துக்கு, "அழிக்கலாம்." மீதி எல்லாம் அழிக்கலாம், அழிக்கலாம், அழிக்கலாம்.

214-க்கு எதிரே: "அழிக்க வேண்டாம். ஜனவரி 12 ஞாயிறு நேரில் கொண்டு வரவும். வ."

நேரில்.

உடனே போய்ச் சர்க்கரை பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை.

ஜனவரி 3, வெள்ளி

இன்று அழிப்பு.

முதலில் 'போட்டோ', 'ஸ்கேன்' இரண்டையும் பென்டிரைவில் ஏற்றினேன். திரையில் அவள் வரிசையாக வைத்திருந்த மஞ்சள் போல்டர்களைப் பிடித்து, நகல் எடுத்து, ஒட்டினேன். கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்தது. சந்தேகத்துக்குப் பென்டிரைவுக்குள் போய்த் திறந்தும் பார்த்தேன். 214 திறந்தது. ஜாடி, நீலக் காகிதம், ஏழு வரி, எல்லாம் இருந்தன. சரிபார்த்ததற்குப் பட்டியலில் சுருக்கொப்பம் இட்டேன்.

பிறகு டி டிரைவ். வலது பக்கம் அழுத்தி, பார்மட். டிக்கை எடுத்தேன். அழியும், சம்மதமா என்று கேட்டது. உரியவர் ஆணை இருக்கிறது, சம்மதம் என்றேன். பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. ஒன்றரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

வாழ்க்கையில் ஒரு தரமாவது அவள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

படத்தை நல்ல தாளில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போகலாம் என்று ஷமீமா கடைக்குப் பென்டிரைவோடு போனேன். செருகினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"சார், இது போல்டரே இல்லீங்க. ஓரத்துல சின்னதா அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க. இது ஷார்ட்கட். டி டிரைவ்ல இருக்கற போல்டருக்கு வழி காட்டறது, அவ்வளவுதான். உள்ள ஒண்ணுமில்ல."

"வீட்டுல தொறந்துச்சே! நான் பாத்தேனே!"

"அப்ப டி டிரைவ் இருந்துச்சுங்களே சார். அதத் தொறந்து காட்டிருக்கு."

பதிவறையில் ஒரு கோப்பை யாராவது எடுத்துப் போனால் அந்த இடத்தில் ஒரு சீட்டுச் செருகுவோம், கோப்பு இன்னாரிடம் இருக்கிறது என்று. முப்பத்தொரு வருடம் செருகியிருக்கிறேன். சீட்டைக் கோப்பு என்று நினைத்து எடுத்து வந்த முட்டாள் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு ஓடி, பெட்டியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். ஷமீமா ஏதோ ஒன்றைப் போட்டு மதியம் வரை தேடினாள்.

"டிக்க எடுத்துட்டீங்களா சார்?"

"எடுத்துட்டேன்."

"அத மட்டும் விட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன் சார். ரொம்ப சுத்தமாப் பண்ணிருக்கீங்க." கடையில் நாலு பேர் பார்க்க நான் அழுதேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள்.

ஜனவரி 8, புதன்

போகாமல் இருந்துவிடலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். பென்டிரைவ் பஸ்ஸில் தொலைந்தது என்று சொல்லலாம்.

இரண்டு தரம் போனை எடுத்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

பெட்டியை நூலகத்தில் கொடுத்தாயிற்று. நன்றி தெரிவித்துக் கடிதம் கொடுத்தார்கள், அவள் பெயருக்கு.

ஏழு வரியும் இந்தக் குறிப்பேட்டில் நவம்பர் 24-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதை ஒரு வெள்ளைத் தாளில் அழகாக எழுதிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியும் முடித்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

முடிவை மட்டும் அவள் கையில் கொடுத்தே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். முடிவுக்கு முன்னால் என் மனதில் ஓடியதை ஒரு நாளும் காட்டியதில்லை. இந்த நோட்டைக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் படிப்பாள். மாவு புளித்தது, சேலையை அலமாரியில் வைத்தது, கடையில் அழுதது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைப் பார்க்க வேண்டும். அவள் குரல் கேட்க வேண்டும், போனில் இல்லை, பக்கத்து அறையிலிருந்து. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஐந்தரை பஸ். உடுமலை, பொள்ளாச்சி மாறினேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் பக்கத்து ஆள் வாந்தி எடுத்தார், இருபத்திரண்டில் நான்.

ஒரு அறை, ஒரு சமையலறை உள்ள வீடு. இளைத்திருக்கிறாள். கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை கட்டியிருந்தாள். டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கீங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"அழிச்சுப்போட்டேன். எடுத்து வெச்சுட்டதா நெனச்சு, வெக்காம அழிச்சுட்டேன்." டீயைக் கீழே வைத்தேன். "போன தடவையும் நாந்தான். ரெண்டு தடவையும் எம்மேலதான் தப்பு, வசந்தா. அன்னைக்கே சொல்லிருக்கோணும்."

நோட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நவம்பர் 4-லிருந்து ஆரம்பித்தாள்.

எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சமையலறையில் கிடந்த பாத்திரத்தைக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன். ஒரு தரம் சிரித்தாள், எந்தப் பக்கத்துக்கு என்று தெரியவில்லை. பிறகு எட்டிப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நூத்தி நாப்பதும் எனக்கு மனப்பாடமுங்க," என்றாள் என்னைப் பார்க்காமல். "பதினெட்டு வயசுலயிருந்து படிக்கறேன். காயிதம் போனது போகட்டும். எங்கப்பன் என்ன எழுதுனாருன்னு ஒரு நா நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

"மோந்து பாத்து என்ன பண்ணுனாரு?" என்று கேட்டேன்.

மேசை மேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நோட்டில் ஏதோ எழுதினாள். மூடி என் பையில் வைத்தாள்.

"சாப்புட்டீங்களா?"

"இல்ல."

"உக்காருங்க."

ஜனவரி 13, திங்கள்

போகி. இங்கே விடியற்காலையில் மழைத் தூறல், யாரும் எதையும் கொளுத்தவில்லை. அவள் குளிக்கப் போயிருக்கிறாள். கீழே எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பணி இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மத்தியானப் பஸ்ஸில் போக வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

இப்போதுதான் நோட்டைத் திறந்து நேற்றையதையும் சேர்த்து எழுதினேன், பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். நவம்பர் 24-ஆம் பக்கம். நான் 'மோந்து' என்று நிறுத்திய இடத்திலிருந்து, சிவப்பு மையில், அவள் கை:

"பாக்கறேன். நாலு கெட்டுப் போச்சு, எடுத்து வெளிய போட்டேன். மிச்சம் நல்லாத்தான் இருக்கு. நான் வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்."

அதற்குக் கீழே, ஓரத்தில்:

நி.மு.
வ.
12.1.